‘முடியாது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: ‘அனேபிள்’ என்ற சொல்லுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் ஆங்கிலம் பேச்சாக வருவதைவிடக் காகிதமாகவே அதிகம் வருகிறது. நாட்டின் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்று, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. ஆயினும் தோட்டக் கம்பனியின் தலைமைக் காரியாலயத்திலிருந்து வரும் கடிதமும், வங்கியின் அறிவித்தலும், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் நீட்டும் வேலை ஒப்பந்தமும், கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சொற்களில் ஒன்று ‘அனேபிள்’. ‘ஒன்றைச் செய்ய இயலாத நிலையில் உள்ள’ என்பது அதன் பொருள். இலக்கணப்படி அது ஒரு பெயரடை. பொருள் எளிதாகத் தெரிந்தாலும், உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு முதன்முதலாகக் காரியாலய வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இச்சொல்லை வைத்து எழுதும் வாக்கியங்களில்தான் தமிழின் அமைப்பு அதிகமாகத் தலைநீட்டுகிறது. அதற்கான காரணம் ஆங்கிலத்தில் இல்லை; நம்முடைய ‘முடியாது’ என்ற சொல்லில் இருக்கிறது.

சொல்லை அடையாளம் காணுதல்

யூ, என், ஏ, பி, எல், ஈ என்ற ஆறு எழுத்துகளால் ஆனது இச்சொல். முதல் இரண்டு எழுத்துகளும் ‘அல்லாத’ என்ற பொருள் தரும் ‘அன்’ என்ற முன்னொட்டு. மீதி நான்கும் ‘இயலும்’ என்ற பொருள்படும் ‘ஏபிள்’. ‘ஏபிள்’ என்பது லத்தீன் மொழியின் ‘ஹாபிலிஸ்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘அன்’ என்பதோ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. இரண்டும் ஒட்டி 14ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கில் உள்ளன. உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில் உள்ள ‘ஏ’ மீது விழ வேண்டும். முதல் அசையை அழுத்தினால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

இதனுடன் குழம்பக்கூடிய இன்னொரு சொல் ‘இனேபிள்’. அது ‘செயற்படச் செய்’ என்ற பொருள் தரும் வினைச்சொல். ஈ, என் என்ற எழுத்துகளில் தொடங்கும். ஒலியில் முதல் உயிர் மட்டுமே வேறுபடுகிறது, பொருளோ நேரெதிராகிவிடுகிறது. தொலைபேசித் திரை ‘அனேபிள் டு கனெக்ட்’ என்று காட்டினால் இணைக்க இயலவில்லை என்று அது உங்களுக்கு அறிவிக்கிறது. ‘இனேபிள் லொக்கேஷன்’ என்று காட்டினால் இருப்பிட வசதியை இயக்கும்படி உங்களைக் கேட்கிறது. சிக்னல் விட்டு விட்டு வரும் தோட்டமொன்றிலிருந்து வங்கியின் வாடிக்கையாளர் சேவையுடன் பேசும்போது, அட்டை ‘இனேபிள்’ செய்யப்பட்டதா, அதனைச் செய்ய அவர்கள் ‘அனேபிள்’ ஆக இருக்கிறார்களா என்று காதால் பிரித்தறிவது கடினம். முதல் எழுத்து என்ன என்று கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரையில் வரும் அந்த வாக்கியத்தில் எழுவாயும் இல்லை, துணைவினையும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இடம் போதாத திரைக்கு அது பொருந்தும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கடிதத்திலும் ‘அனேபிள் டு கம்’ என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். கடிதத்தில் அது குறை வாக்கியம்.

எழுதுவதற்கு முன் ‘முடியாது’ என்பதைப் பிரித்துப் பார்த்தல்

பயிற்சியின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. தமிழில் ‘முடியாது’, ‘முடியவில்லை’ என்பவை குறைந்தது ஐந்து வேலைகளைச் செய்கின்றன. ‘அனேபிள்’ அவற்றில் ஒன்றைத்தான் செய்யும். ஒருவர் ஒரு செயலைச் செய்ய இருந்தும், உடல்நிலையோ சூழ்நிலையோ வசதியின்மையோ அவரைத் தடுத்தால், அந்த நிலைமைக்கு மட்டுமே அது உரியது. ‘கினிகத்தேனைக்கு அருகே மண்மேடு சரிந்ததால் என்னால் வர முடியவில்லை’ என்பது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

‘இங்கே வாகனம் நிறுத்த முடியாது’ என்று காவலாளி சொல்லும்போது அது இயலாமை அன்று, தடை. நிறுத்த உங்களுக்கு இயலும், அனுமதிதான் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு ‘யூ ஆர் நாட் அலவ்ட் டு பார்க் ஹியர்’ என்ற வடிவம் தேவை. ‘அனேபிள்’ போட்டால், வாசிப்பவர் உங்களுக்கு வண்டியை நிறுத்தத் தெரியாது என்று எடுத்துக்கொள்வார்.

‘அந்த வேலையை நான் செய்ய முடியாது’ என்று ஒருவர் குரலை உயர்த்திச் சொன்னால் அது மறுப்பு. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ வில் நாட்’ அல்லது ‘ஐ ரெஃபியூஸ்’ என்பதுதான் நேரான சொல். இங்கே ‘அனேபிள்’ எழுதுவது பிழை அல்ல, ஆனால் மறுப்பை இயலாமைபோல் காட்டும் மறைப்பு. கம்பனிகளும் திணைக்களங்களும் இதை நன்றாகவே அறிந்து பயன்படுத்துகின்றன: செய்ய விரும்பாததைச் செய்ய ‘அனேபிள்’ என்று எழுதிவிட்டால் யார்மீதும் பழி விழாது. நீங்கள் அதைப் பயன்படுத்துவதா என்பது உங்கள் விருப்பம். வாசிக்கும்போது மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

‘அம்மாவுக்கு முடியவில்லை’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் ஒலிக்கும் வாக்கியம். அம்மாவுக்குச் சுகமில்லை என்பதே அதன் பொருள். இதை ‘மை மதர் இஸ் அனேபிள்’ என்று விடுமுறைக் கடிதத்தில் எழுதினால், எதைச் செய்ய இயலவில்லை என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். ‘மை மதர் இஸ் இல்’ அல்லது ‘மை மதர் இஸ் நாட் வெல்’ என்று எழுத வேண்டும். இதைப்போலவே ‘வேலை இன்னும் முடியவில்லை’ என்பதில் வரும் ‘முடி’ நிறைவு பெறுதலைக் குறிக்கும் வேறொரு ‘முடி’. அதற்கு ‘நாட் ஃபினிஷ்ட்’ தான் பொருத்தம். ‘நிறுவை முடியவில்லை’ என்றால் கொழுந்து நிறுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. ‘நிறுக்க முடியவில்லை’ என்றால் தராசிலோ ஆளிலோ ஏதோ தடை இருக்கிறது. இரண்டாவதற்கு மட்டுமே ‘அனேபிள்’ பொருந்தும்.

‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘முடியாது’ என்று சொல்வதும் உண்டு. நேர்முகப் பரீட்சையில் ‘எனக்குச் சிங்களம் சரளமாகப் பேச முடியாது’ என்று சொல்ல நினைப்பவர் ‘ஐ கேனாட் ஸ்பீக் சின்ஹலா ஃப்ளுவென்ட்லி’ என்று சொல்வதே இயல்பு. மொழியின் பெயரையும் விட்டுவிட்டு ‘ஐ ஆம் அனேபிள் டு ஸ்பீக்’ என்று நிறுத்தினால், வாய்பேச இயலாதவர் என்ற பொருள் வந்துவிடும்.

வாக்கியத்தைக் கட்டுதல்

பிரித்துப் பார்த்து, இது உண்மையான இயலாமைதான் என்று உறுதியான பிறகு, வாக்கியத்தை நான்கு துண்டுகளாக வரிசையில் வையுங்கள்: இயலாதவர், துணைவினை, ‘அனேபிள்’, பின்பு ‘டு’ என்பதோடு வினையின் மூலவடிவம். ‘ஐ ஆம் அனேபிள் டு கம்’, ‘ஷீ இஸ் அனேபிள் டு வாக்’, ‘தே ஆர் அனேபிள் டு பே’ என்பவை இந்த வரிசைக்கு எடுத்துக்காட்டுகள்.

முதல் துண்டிலேயே தமிழ் இடறுகிறது. ‘என்னால் வர முடியவில்லை’ என்பதில் ‘நான்’ எழுவாயாக நிற்காமல் ‘ஆல்’ உருபை ஏற்றுக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒதுங்க முடியாது. இயலாதவரே எழுவாயாக முன்னே வந்து நிற்க வேண்டும். ஆகவே தமிழ் வாக்கியத்தை மனத்தில் ‘நான் வர இயலாதவனாக இருக்கிறேன்’ அல்லது ‘இயலாதவளாக இருக்கிறேன்’ என்று ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். தமிழில் இது விறைப்பான வாக்கியம்தான், ஒருவரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் அதன் எலும்புக்கூடு ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டோடு அப்படியே பொருந்தும். ‘இருக்கிறேன்’ என்ற பகுதிதான் ஆங்கிலத்தின் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’. தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்று இணைப்பு வினை இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுவதால், நம்மவர்கள் ‘ஐ அனேபிள் டு கம்’ என்று அந்தத் துண்டைக் கைவிட்டுவிடுகிறார்கள். பிழைகளில் மிகவும் பரவலானது இதுதான் என்பது என் கணிப்பு.

‘டு’வுக்குப் பின் வினை எந்த விகுதியும் இல்லாமல் வர வேண்டும்: ‘டு கம்’ சரி, ‘டு கமிங்’, ‘ஃபார் கமிங்’, ‘இன் கமிங்’, ‘டு கேம்’ ஆகியவை தவறு. காலத்தைத் துணைவினை ஏற்றுக்கொள்கிறது, வினை ஏற்பதில்லை. இன்னொரு எதிர்மறையைச் சேர்க்கவும் கூடாது. ‘ஐ டோன்ட் அனேபிள்’, ‘ஐ கேனாட் அனேபிள்’ என்பவை வாக்கியமே அல்ல; ‘ஐ ஆம் நாட் அனேபிள்’ வாக்கியம்தான், ஆனால் அதன் பொருள் ‘என்னால் முடியாமல் இல்லை’ என்று தலைகீழாகிவிடும். ‘வெரி அனேபிள்’ என்றும் எழுதுவதில்லை. இயலாமைக்குக் கூடுதல் குறைவு இல்லை என்று ஆங்கிலம் கருதுகிறது. அழுத்தம் வேண்டுமானால் ‘கம்ப்ளீட்லி அனேபிள்’, தற்காலிகம் என்று காட்ட வேண்டுமானால் ‘டெம்பரரிலி அனேபிள்’ என்று எழுதலாம்.

காலத்தை மாற்றுவதற்குத் துணைவினையை மட்டும் மாற்றினால் போதும். நேற்று என்றால் ‘வாஸ் அனேபிள்’ அல்லது ‘வேர் அனேபிள்’; நாளை என்றால் ‘வில் பி அனேபிள்’; திங்கட்கிழமையிலிருந்து இன்றுவரை தொடர்கிறது என்றால் ‘ஹாவ் பீன் அனேபிள்’ அல்லது ‘ஹேஸ் பீன் அனேபிள்’; ஐயமாக இருந்தால் ‘மே பி அனேபிள்’. இந்தச் சொல் ஆங்கிலத்தில் இத்தனை தேவைப்படுவதற்குக் காரணமே இதுதான். ‘கேன்’ என்ற துணைவினை ‘வில்’ என்பதற்குப் பின்னாலோ ‘ஹாவ்’ என்பதற்குப் பின்னாலோ வராது. ‘வில் கேனாட்’ என்று எழுத வழியில்லை. அந்த இடங்களை நிரப்ப ‘அனேபிள்’ அல்லது ‘நாட் ஏபிள்’ வேண்டும். இறந்தகாலத்தில் ‘குட் நாட்’, ‘வாஸ் அனேபிள்’ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னது பேச்சுக்கும் பின்னது கடிதத்துக்கும் ஏற்றவை.

இயலாதது யாரால்?

பாதை உடைந்த நாளில் எழுதப்படும் ஒரு வாக்கியத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ‘இந்தப் பாதையைப் பயன்படுத்த முடியாது’ என்பதில் எழுவாயே இல்லை. யாராலும் முடியாது என்பது சொல்லாமலே விளங்குகிறது. வாக்கியத்தில் முதலாவதாக நிற்பது பாதை என்பதால், எழுதுபவர் அதையே எழுவாயாக்கி ‘த ரோட் இஸ் அனேபிள் டு யூஸ்’ என்று எழுதிவிடுகிறார். பாதை எதையோ பயன்படுத்தப் போய் அதனால் இயலாமற் போனது என்று ஆங்கிலம் அதை வாசிக்கும். இயலாதது மனிதர்களால். ஆகவே ‘வி ஆர் அனேபிள் டு யூஸ் த ரோட்’ என்று மனிதர்களை முன்னே கொண்டுவரலாம். அல்லது ‘அனேபிள்’ என்பதையே விட்டுவிட்டு ‘த ரோட் கேனாட் பி யூஸ்ட்’ என்று எழுதலாம்.

உயிரற்ற பொருள் எழுவாயாக வரவே கூடாது என்று இதனைப் புரிந்துகொள்ள வேண்டாம். ‘த லொறி வாஸ் அனேபிள் டு க்ளைம் த ஹில்’ என்பது நல்ல வாக்கியம், ஏனெனில் ஏறும் செயல் லொறியினுடையது. ‘த பேங்க் இஸ் அனேபிள் டு அப்ரூவ் த லோன்’ என்பதும் அப்படியே. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘டு’வுக்குப் பின் வரும் செயலைச் செய்ய வேண்டியது எழுவாய்தானா? ஏறுவது லொறியா? ஆம். பயன்படுத்துவது பாதையா? இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இப்பகுதியின் மற்ற விதிகள் தேவைப்படா.

வாக்கியத்தில் எங்கே நிற்கும்?

பெரும்பாலான பெயரடைகள் பெயருக்கு முன் நிற்கும், இது நிற்காது. ‘அன் அனேபிள் மேன்’ என்று எழுதுவதில்லை. பெயருக்குப் பின்னால் மட்டும், அதுவும் ‘டு’ தொடரை இழுத்துக்கொண்டுதான் வரும். தோட்டக் காரியாலயத்தின் அறிவித்தல் பலகையில் ‘எனிவன் அனேபிள் டு அட்டென்ட் த மீட்டிங் ஷுட் இன்ஃபோர்ம் த ஆஃபீஸ்’ என்று இருந்தால், ‘கூட்டத்துக்கு வர இயலாத எவரும் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும்’ என்று வாசிக்க வேண்டும். தமிழில் ‘வர இயலாத’ என்ற எச்சம் ‘எவரும்’ என்பதற்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் பின்னால் நிற்கிறது. இதைக் கவனிக்காதவர் ‘எவரும் கூட்டத்துக்கு வர இயலாது’ என்று அங்கேயே வாக்கியத்தை முடித்துக்கொண்டு, கூட்டம் ரத்து என்று லயக் குடியிருப்புகளில் போய்ச் சொல்லிவிடக்கூடும். வாக்கியத்தின் உண்மையான வினை ‘ஷுட் இன்ஃபோர்ம்’. அது வரும்வரை பொறுமையாக வாசிக்க வேண்டும்.

வாக்கியத்தின் தொடக்கத்திலும் இது வரும். ‘அனேபிள் டு ஃபைண்ட் அ சீட், ஹீ ஸ்டுட் ஆல் த வே டு நானுஓயா’ என்றால் இருக்கை கிடைக்காமல் அவர் நானுஓயா வரை நின்றுகொண்டே சென்றார் என்று பொருள். நம்முடைய ‘கிடைக்காமல்’ என்ற வினையெச்சம் செய்யும் வேலையை அது செய்கிறது. எழுதத் தொடங்குபவர்கள் இதை வாசித்து விளங்கிக்கொண்டால் போதும்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘கேனாட்’ என்பதும் இதுவும் பல இடங்களில் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும். பேச்சில் ‘கான்ட்’ என்பதே இயல்பு, எழுத்தில் ‘அனேபிள்’ மரியாதையானது. கடையில் நின்று ‘ஐ ஆம் அனேபிள் டு கேரி திஸ்’ என்று சொல்பவரைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை, என்றாலும் கடிதம் வாசிப்பதுபோல் ஒலிக்கும்.

‘இன்கேப்பபிள்’ என்ற சொல்லில் எச்சரிக்கை வேண்டும். அது இன்றைய தடையை அன்று, ஆளின் இயல்பையே குறிக்கிறது. அதன் பின் ‘டு’ வராமல் ‘ஆஃப்’ என்பதும் ‘இங்’ விகுதியும் வரும். ‘ஹீ இஸ் இன்கேப்பபிள் ஆஃப் லையிங்’ என்றால் பொய் சொல்லவே வராதவர் என்ற பாராட்டு. ‘ஹீ இஸ் இன்கேப்பபிள் ஆஃப் டூயிங் திஸ் வர்க்’ என்றால் இந்த வேலைக்கே லாயக்கற்றவர் என்ற தீர்ப்பு. உடன் வேலை செய்பவர் ஒருநாள் வராததை விளக்கும் அறிக்கையில் இச்சொல்லைப் போட்டுவிட்டால் அவருக்குப் பெருங்கெடுதி.

‘இம்பாசிபிள்’ என்பது செயலைப் பற்றியது, ஆளைப் பற்றியது அன்று: ‘இட் இஸ் இம்பாசிபிள் டு கம்’ சரி; ‘ஐ ஆம் இம்பாசிபிள்’ என்றால் என்னோடு காலம் தள்ளவே முடியாது என்று நீங்களே உங்களைப் பற்றிச் சொல்வதாகும். ‘டிஸேபிள்ட்’ என்பது மாற்றுத்திறனைக் குறிக்கும் சொல். ஒருநாள் காய்ச்சலுக்கு அது பொருந்தாது. பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘இனபிலிட்டி’ என்று எழுதுங்கள். பெயரடையில் ‘அன்’ இருப்பதால் ‘அனபிலிட்டி’ என்று எழுதத் தோன்றும். இன்றைய ஆங்கிலத்தில் அது இல்லை.

விடுமுறைக் கடிதத்தில்

அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். மேலதிகாரிக்கு அனுப்பும் கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ இரண்டு வாக்கியங்கள் போதும்: ‘ஐ ஆம் அனேபிள் டு ரிப்போர்ட் ஃபார் வர்க் டுடே பிகாஸ் த ரோட் டு ஹட்டன் இஸ் ப்ளாக்ட் பை அ லேண்ட்ஸ்லைட். ஐ எக்ஸ்பெக்ட் டு பி பேக் டுமாரோ.’ ஹட்டனுக்கு வரும் பாதை மண்சரிவால் அடைபட்டிருப்பதால் இன்று வேலைக்கு வர இயலவில்லை, நாளை வருவேன் என்பதே செய்தி. தமிழில் காரணத்தை முதலில் சொல்லி, ‘ஆகையால் வர முடியவில்லை’ என்று கடைசியில் வந்து சேர்வோம். பாடசாலையில் பழகிய தமிழ் விண்ணப்பக் கடிதமும் அந்த ஒழுங்கில்தான் நடக்கும். ஆங்கிலக் காரியாலயக் கடிதத்தில் வர இயலாது என்பதை முதலில் வைத்து, காரணத்தை ‘பிகாஸ்’ என்பதற்குப் பின் வைப்பதே வசதி. வாசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது இன்று ஆள் இல்லை என்பதுதான்.

அழைப்பொன்றை ஏற்க இயலாதபோது ‘ஐ ரிக்ரெட் தட் ஐ ஆம் அனேபிள் டு அட்டென்ட்’ என்று எழுதினால் வருத்தமும் இயலாமையும் சேர்ந்து மரியாதையாக அமையும். ‘சொறி’ என்று தனியாக இன்னொன்று சேர்க்க வேண்டியதில்லை.

இதே தொடர் உங்களுக்கு எதிர்த்திசையில் வரும்போது இன்னும் கவனமாக வாசியுங்கள். ‘வி ரிக்ரெட் தட் வி ஆர் அனேபிள் டு ஆஃபர் யூ த போஸ்ட்’ என்றால் வேலை இல்லை. அது முடிந்துபோன காரியம். ‘அட் ப்ரெசென்ட்’ என்ற சொற்கள் கூடவே இருந்தால், இப்போதைக்கு இல்லை என்றே பொருள். பிறகொரு முறை விண்ணப்பிக்கலாம். ‘வி ஆர் அனேபிள் டு ப்ராசெஸ் யுவர் அப்ளிகேஷன் அன்டில் வி ரிசீவ் யுவர் பேர்த் சர்ட்டிஃபிகேட்’ என்று வந்தால் அது நிராகரிப்பே அன்று. ‘அன்டில்’ என்பது ‘வரும்வரை’ என்று பொருள்படும்; பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை விண்ணப்பத்தைக் கவனிக்க இயலாது என்று மட்டுமே சொல்கிறார்கள். ‘அனேபிள்’ என்ற சொல்லைக் கண்டதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் அதன் பின்னால் ‘பிகாஸ்’ இருக்கிறதா, ‘அன்டில்’ இருக்கிறதா என்று தேடுங்கள். ‘அன்டில்’ இருந்தால் கேட்ட சான்றிதழின் பிரதியோடு அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குச் செல்லுங்கள். புறப்படுவதற்கு முன், சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.